அவருக்கு மிஞ்சிய ஆமென்

1994 ஆகஸ்டு 18, வியாழன்

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். மத்தியானம் அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வேன் வாடகையும் மருந்துச் செலவும் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். வலது கையும் காலும் அவருடையவை அல்லாததுபோலக் கிடக்கின்றன. பேச்சு இல்லை.

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதின நர்ஸ் சின்னப் பெண், மெட்ராஸ் பக்கத்துக்காரி. எல்லாரும் அவரை ஐயர் என்பதையும் என்னை ஐயரம்மா என்பதையும் கேட்டுவிட்டு, "நீங்க பிராமின்ஸா மேடம்? சிக்கன் சூப் குடுக்கலாமா?" என்றாள். கூட வந்த அன்னப்பழம் முந்திக்கொண்டாள். "ஆமா பிள்ளே, எங்களுக்கு கீழத்தெரு அக்கிரகாரம். ஆட்டுக்கால் சூப்பே குடுக்கலாம்." எங்கள் பக்கத்துச் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவது என்று அந்தப் பெண்ணுக்கு யார் விளக்குவது? அவருக்குப் பேச்சு இருந்திருந்தால் அதை வைத்தே ஒரு பிரசங்கம் செய்திருப்பார். அவர் படுக்கையில் விழுந்த நாளிலிருந்து நான் சிரித்தது இன்றைக்குத்தான்.

டாக்டர் புறப்படும்போது என்னைத் தனியே கூப்பிட்டார். "மூளையில பேச்சு இருக்கிற இடம் அடிபட்டிருக்கும்மா. மனப்பாடமான பாட்டு, ஜெபம் வந்தாலும் வரும். அது தானா வர்றது. புரிஞ்சு சொல்றாருன்னு நினைச்சிடாதீங்க."

நல்ல மனுஷன். ஆனால் ஆவிக்குரிய காரியம் டாக்டருக்கு எப்படித் தெரியும்? வாசலில் வேனை நிறுத்தினதும் அன்னப்பழம் அவர் நெற்றியில் கைவைத்து ஜெபித்தாள். "இயேசுவின் நாமத்துல கேக்கோம், நல்ல பிதாவே" என்று முடித்தாள். அவர் "ஆமென்" என்றார். குழறல் இல்லை. பிரசங்க பீடத்துக் குரல். வேன் டிரைவர்கூடப் பீடியைக் கீழே போட்டுவிட்டார்.

ஆகஸ்டு 21, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் கீழத்தெரு முழுக்க வந்துவிட்டது. ஒவ்வொருவரும் ஒரு ஜெபம், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆமென். பரீட்சைக்கு, பிரசவத்துக்கு, காணாமற்போன ஆட்டுக்கு. வந்தவர்கள் அழுதுகொண்டே சிரித்துப் போனார்கள்.

கடைசியில் அன்னப்பழம் மட்டும் இருந்தாள். நான் கொடுத்த காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினாள். "ஆண்டவரே, இந்த ஐயரம்மா கை தாராளமாகட்டும். இனிமே எனக்குக் காப்பியில ரெண்டு கரண்டி சீனி போடட்டும். இயேசுவின் நாமத்துல கேக்கேன், நல்ல பிதாவே."

"ஆமென்" என்றார்.

"பாத்தியளா! ஐயர் உத்தரவு!" என்று துள்ளினாள். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். டாக்டர் சொன்னது சரியல்ல. அவருக்கு வேடிக்கைகூட விளங்குகிறது.

சீனி ஒரு கிலோ கூடுதல்.

ஆகஸ்டு 24, புதன்

ஓட்ஸ் கஞ்சி குடித்தார். மல்லாந்து கிடந்ததில் இடுப்பில் சிவந்திருக்கிறது. பவுடர் போட்டேன்.

அவருடைய மேஜையைத் துடைத்தேன். அவர் எழுதின 'ஒரே பந்தி' மேலே கிடந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்; படிக்கக் கற்றது வேதத்தில், எழுதக் கற்றது இவருடைய கிறுக்கலை நகல் எடுத்துக் கொடுத்ததில். அந்தப் புத்தகத்தில் என் கை படாத பக்கம் இல்லை. கடவுள் பந்தி பிரித்துப் பரிமாறுகிறவர் அல்ல என்ற ஒற்றை வாக்கியத்தை முந்நூறு பக்கம் சொல்லியிருக்கிறார். அன்னப்பழம், "டாக்டர் பட்டம் வாங்கியும் ஊசி போடத் தெரியாத டாக்டரு" என்று கேலி செய்வாள். அவள் இவருடைய சித்தப்பா மகள். அவளுக்கு அந்த உரிமை உண்டு.

வாலிபத்தில் ஒரு வருஷம் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனவர், அங்கே கறுப்பு ஜனங்களின் சபையில் போய்த் தங்கிவிட்டார். "குதிரையும் மாடும் விற்ற சந்தையில் விற்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள், செல்லக்கனி, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வாய்விட்டு ஆமென் சொல்லுகிறார்கள், கூரை அதிர்கிறது" என்று என்னிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். ஆமென் என்றால் அப்படியே ஆகட்டும் என்பது மட்டுமல்ல, நான் சாட்சி என்றும் அர்த்தம் என்பார்.

அந்த அர்த்தத்தைத்தான் இங்கே கொண்டுவந்தார். எங்கள் சேகரத்தில், இந்த வட்டாரத்துச் சபையில், ஆதியிலிருந்தே தீர்மானத்துக்குக் கை தூக்குவது கிடையாது. தீர்மானத்தை ஜெபமாக ஏறெடுப்பார்கள், சபை ஆமென் சொன்னால் நிறைவேறியது. அதற்குப் பிறகு மாற்றிப் பேசினால் ஆண்டவரிடம் பொய் சொன்னதாக ஆகும். அப்போதெல்லாம் கீழத்தெருக்காரர்கள் கோயில் பின்வாசலுக்கு வெளியே நின்று சொன்ன ஆமென் யாருடைய கணக்கிலும் வராது. அவருடைய அம்மா சாகும்வரை அங்கே நின்று சொன்னவர்கள்.

வேதசாஸ்திரக் கல்லூரி வேலையை விட்டுவிட்டு, பிறந்த ஊர்ச் சேகரம் போதும் என்று கேட்டு வாங்கி வந்தார். வந்த வருஷமே அசனத்தில், சபை விருந்தில், வம்பு. அண்டா மூடியைத் திறக்குமுன் ஐயர் ஜெபிக்க வேண்டும். ஜெபிக்க மாட்டேன் என்று, கோயிலுக்குப் பின்னால் கீழத்தெருவுக்குப் போட்டிருந்த தனிப்பந்தியில் கடைசி இலைக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். சோறு ஆறியது. கறிக்குழம்பில் ஏடு கட்டியது. மேலத்தெருப் பிள்ளைகள் பசியில் அழ ஆரம்பித்த பிறகுதான் பெரியவர்கள் வந்து ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். "பசிதான் எனக்கு உதவி குரு" என்று சிரித்தார். அன்றிலிருந்து ஒரே பந்தி. ஆமெனும் உள்ளேயிருந்துதான்.

ஆகஸ்டு 27, சனி

காலையில் அவரும் நானும் மட்டும். முப்பது வருஷமாகக் கேட்காததைக் கேட்டுவிட்டேன். நேராகக் கேட்க வாய் வரவில்லை. ஜெபத்தில் வைத்துக் கேட்டேன். எங்கள் மகன் சின்னவன் காய்ச்சலில் போனபோது இவர் மறியலில் இருந்தார். சொல்லியனுப்பியும் அடுத்த நாள்தான் வந்தார். குழியை மூடின பிறகு. "வராமற்போனது இவர் மனசிலும் முள்ளாக இருந்தது என்று நான் அறிந்துகொள்ளட்டும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறேன், நல்ல பிதாவே."

"ஆமென்" என்றார்.

வெகுநேரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்.

செப்டம்பர் 3, சனி

மகள் பியூலா வந்தாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு.

மெட்ராஸில் அவளுக்கு ஆபீஸ் வேலை கிடைத்தது, மாப்பிள்ளையும் அங்கேயே. அவர்கள் வீட்டில் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டதற்கு என் மகள் வேறொரு ஊர், வேறொரு தெரு சொன்னாள். அப்பா வெளிநாட்டில் இருக்கிறார் என்றாள். கல்யாணத்துக்கு நான் மட்டும் போனேன், தூரத்து உறவுபோல ஓரத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். அவர் அவள் பேர் வருகிற இடத்தில் ஜெபத்தை நிறுத்தி, எச்சில் விழுங்கிவிட்டுத் தொடருவார்.

இன்று அவர் கட்டில் ஓரத்தில் முழங்கால்படியிட்டாள். "அப்பாவை மறைச்சேன் ஆண்டவரே. அப்பா என்னை மன்னிச்சிட்டாங்கன்னு எனக்குத் தெரியணும். இயேசுவின் நாமத்துல கேக்கேன், நல்ல பிதாவே."

"ஆமென்."

அவள் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள், இவர்தான் போய்விட்டார் என்று.

செப்டம்பர் 4, ஞாயிறு

ஆராதனையில் பியூலா எழுந்து சாட்சி சொன்னாள். அப்பா மன்னித்தார் என்று. சபை முழுக்க அழுதது. சாயங்காலம் பஸ் ஏறினாள். முகம் கழுவிவிட்டதுபோல இருந்தது. இரண்டு பாட்டில் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்துவிட்டேன். மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்டேன். "சொல்லணும்மா. இப்ப தைரியம் வந்திருக்கு" என்றாள்.

செப்டம்பர் 9, வெள்ளி

படுக்கை மூன்று தடவை நனைந்தது. மாற்று விரிப்பு தீர்ந்துபோய், கோபத்தில் சத்தமாக, என்னை எடுத்துக்கொள்ளும் ஆண்டவரே, இந்த வீட்டில் இனி நான் வேண்டாம், இயேசுவின் நாமத்தில் கேட்கிறேன் நல்ல பிதாவே என்றேன். அதற்கும் ஆமென் என்றார். அவருக்குத் தூக்கக் கலக்கம்.

செப்டம்பர் 10, சனி

சேகரக் கமிட்டிச் செயலாளர் செல்வின் சார் நாலு பேரோடு வந்திருந்தார். இவர் விழுந்ததிலிருந்து புது ஐயர் நியமனம் ஆகும்வரை எல்லாம் அவர் கையில்தான். பழைய ஹெட்மாஸ்டர், மேலத்தெரு, மரியாதைக்குக் குறைவில்லை. ஆப்பிள் வாங்கி வந்திருந்தார். நான் அடுக்களையில் காப்பி கலக்க, அவர் உள்ளே ஜெபிப்பது கேட்டது. வார்த்தை பிடிபடவில்லை. ஆமென் மட்டும் தெளிவாகக் கேட்டது. மனசு பூரித்துப்போய் முறுக்கு டப்பாவையும் எடுத்துப் போனேன்.

"புது ஐயர் வந்தாலும் பங்களாவைக் காலி பண்ணணும்னு அவசரமே இல்ல ஐயரம்மா. நிம்மதியா இருங்க" என்றார் செல்வின் சார். எவ்வளவு நல்ல மனசு.

செப்டம்பர் 18, ஞாயிறு

எழுதிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

ஆராதனை முடிவில் செல்வின் சார் எழுந்தார். கீழத்தெரு ஜனங்களுக்கென்று தனி ஆலயம். அதற்கு இவர் பேரையே வைத்து மாசிலாமணி ஐயர் ஞாபகார்த்த ஆலயம் என்று பேர். அவர்கள் அசனத்தை அவர்களே தனியே நடத்திக்கொள்வார்கள். "இதை ஐயரவாள் முன்னிலையில ஜெபமா ஏறெடுத்தோம். ஐயரவாள் தெளிவா ஆமென் சொன்னாங்க. அவங்க ஆமெனுக்கு மேல நமக்கு என்ன இருக்கு? அடுத்த ஞாயிறு சபை ஆமென் சொல்லட்டும்."

மேலத்தெரு வரிசையில் ஸ்தோத்திரம் என்றார்கள். எங்கள் வரிசையில் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

மத்தியானம் அன்னப்பழம் வந்தாள். கேட்டுக்கு வெளியே நின்றாள். உள்ளே வா என்றேன், வரவில்லை.

"நெசமா ஐயரம்மா? எங்க அண்ணன் ஆமென் சொன்னாரா?"

"சொன்னார். ஆனா..."

"சொன்னார்ல? தெருவுல பாதிப் பேரு இப்பவே கல்லு மண்ணு கணக்குப் போடுதாவ. ஐயரே ஒத்துக்கிட்டா நமக்கென்னன்னு. மீதிப் பேரு கதவைச் சாத்திட்டுக் கெடக்காவ. பின்வாசல்ல இருந்து உள்ள போறதுக்கு எம்புட்டு அடி வாங்கினோம். இப்ப எங்களுக்குன்னு பேரு போட்டு ஒரு பின்வாசலே கட்டித் தாராவளாக்கும்."

போய்விட்டாள். ஆறின காப்பியை நானே குடித்தேன். இரண்டு கரண்டி சீனி போட்டது.

செப்டம்பர் 19, திங்கள்

செல்வின் சார் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"சார், அவருக்கு அர்த்தம் தெரியாது. ஜெபத்தோட வால் காதில விழுந்தா ஆமென் தானா வருது. டாக்டரே சொன்னார்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் குரல் உயரவே இல்லை. "அப்படியா ஐயரம்மா? அப்ப போன வாரத்துக்கு முந்தின வாரம் உங்க மக சபையில அழுதுட்டுச் சாட்சி சொல்லிச்சே, அந்த ஆமென்? அதுவும் தானா வந்ததுதானா? ஒரு வாய்ல ஒண்ணு மெய், ஒண்ணு பொய்னு நீங்க பிரிச்சு எடுக்க முடியாதுல்லா."

வந்துவிட்டேன். வழியில் கத்தரிக்காய் வாங்கினேன். சொத்தை என்று வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.

செப்டம்பர் 22, வியாழன்

பியூலாவிடமிருந்து போன். தபால் ஆபீஸுக்கு எதிர்க்கடையில் போய்ப் பேசினேன். ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வருகிறாளாம். "அப்பாவைப் பாக்கணும்போல இருக்கும்மா. அந்த ஆமெனை நினைச்சுக்கிட்டேதான் எந்திரிக்கேன், படுக்கேன்."

வராதே என்று சொல்ல வாய் எடுத்தேன். சரி வா என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 24, சனி

அவருக்குச் சவரம் பண்ணினேன். வெள்ளை அங்கியை நீலம் போட்டு வெளுத்தேன். ஆகஸ்டு 27-ஆம் தேதிப் பக்கத்தை எடுத்துப் படித்தேன். மூடி வைத்தேன்.

செப்டம்பர் 25, ஞாயிறு

சக்கர நாற்காலியில் வைத்து அவரைக் கோயிலுக்குக் கொண்டுபோனோம். பங்களாவுக்கும் கோயிலுக்கும் நடுவில் ஒரு வேப்பமரம்தான். முன்வரிசையில் பியூலா இருந்தாள். அவரைப் பார்த்து எழுந்து, நெற்றியில் முத்தமிட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

செல்வின் சார் தீர்மானத்தை வாசித்து ஜெபிக்கப் போனார். நான் எழுந்தேன்.

"ஐயரம்மா, கூட்டத்துல பொம்பளைங்க பேசுற வழக்கம் இல்லையே."

"பேசல சார். ஜெபம் பண்ணப் போறேன். அதுக்குப் பொம்பளைக்கு வழக்கம் உண்டுல்லா."

யாரும் தடுக்கவில்லை. அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். பியூலாவைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நின்றிருக்க மாட்டேன்.

"ஆண்டவரே, கீழத்தெரு ஜனங்கள் மறுபடியும் பின்வாசலுக்கு வெளியே நிற்கட்டும். அவர்கள் இலை தனியாகவும் கடைசியாகவும் போடப்படட்டும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறேன், நல்ல பிதாவே."

"ஆமென்" என்றார். பீடத்துக் குரல். கடைசி வரிசைவரை கேட்டது.

அவ்வளவு போதும். ஆனால் செல்வின் சார் வாய் திறக்கப் போனார், ஏதோ சொல்லிச் சமாளிக்க. நான் நிறுத்தவில்லை.

"ஆண்டவரே, என் புருஷன் தன் அம்மாவுக்காக வெட்கப்படட்டும். அவர் எழுதினதும் அடிபட்டதும் ஜெயிலில் கிடந்ததும் வீணாய்ப் போகட்டும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறேன், நல்ல பிதாவே."

"ஆமென்."

முகத்தின் இடது பாதி சிரித்தது. தன் பங்கைச் சரியாகச் சொல்லிவிட்ட சந்தோஷம். பாடம் ஒப்பித்த பிள்ளைபோல என்னை அண்ணாந்து பார்த்தார்.

செல்வின் சார் தலை குனிந்து, "போதும் ஐயரம்மா" என்றார். தீர்மானத் தாளை மடித்து வேதத்துக்குள் வைத்தார். யாரும் அதை மறுபடி கேட்கவில்லை.

நான் நினைத்தது, எங்கள் தெருவில் சந்தோஷப்படுவார்கள் என்று. பெண்கள் முந்தானையை வாயில் வைத்து அழுதார்கள். பரீட்சைக்கு ஆமென் வாங்கினவள், பிரசவத்துக்கு வாங்கினவள், ஆட்டுக்கு வாங்கினவள். அன்னப்பழம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டே கூட வந்தாள். வேப்பமரத்தடியில் நின்று, "அப்ப என் சீனியும் பொய்தானா ஐயரம்மா" என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். முடிக்க முடியவில்லை.

திரும்பிப் பார்த்தபோது பியூலா இருந்த இடத்தில் அவள் பாட்டுப் புத்தகம் மட்டும் இருந்தது.

செப்டம்பர் 26, திங்கள்

செலவு ஒன்றும் இல்லை.

அக்டோபர் 5, புதன்

இப்போதெல்லாம் மனசுக்குள்தான் ஜெபிக்கிறேன். விடியற்காலையில் கட்டில் பக்கத்தில் நான் முழங்கால்படியிட்டதும் அவர் விழித்துக்கொள்கிறார். என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் எழுந்திருக்கும்வரை உதட்டைப் பாதி திறந்து வைத்திருக்கிறார்.

அவருக்கு மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். அதையும் நான்தான் எடுத்துவிட்டேன்.

அக்டோபர் 20, வியாழன்

அசனம். அவருக்குச் சளி கட்டி மூச்சு இழுக்கிறது. ஜன்னலை ஒட்டிக் கட்டிலைப் போட்டு, தலையணை வைத்துச் சாய்த்துவிட்டு நான் எட்டிப் பார்த்து வரப் போனேன்.

ஒரே வரிசை. கோயில் வாசலில் தொடங்கி வேப்பமரத்தைச் சுற்றி வந்தது. அண்டா மூடியைத் திறக்க யார் ஜெபிப்பது என்று பேச்சு வந்தது. செல்வின் சாரே, "அன்னப்பழம் ஜெபிக்கட்டும்" என்றார். அவள் கரண்டியும் கையுமாக ஜெபித்தாள். சபை ஆமென் சொன்னது. அது அடங்கின பிறகு எங்கள் ஜன்னலிலிருந்து தனியாக ஒரு ஆமென் வந்தது. சளியில் கரகரத்து, ஒரு மூச்சு பிந்தி. எல்லாரும் கேட்டார்கள். ஒருவரும் திரும்பவில்லை.

கடைசி இலையில் பியூலா உட்கார்ந்திருந்தாள்.

எப்போது வந்தாள் தெரியவில்லை. அன்னப்பழத்தின் மருமகளுக்கும் சின்னப் பேத்திக்கும் நடுவில், குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பெரிய டிரங்குப் பெட்டியும் இரண்டு பையும். காதில் கம்மல் இல்லை. மாப்பிள்ளையைப் பற்றி நான் கேட்கவில்லை.

சாப்பிட்டு முடித்து இலையை எடுத்துப் போட்டுவிட்டு நேரே அவர் அறைக்குப் போனாள். நான் அடுக்களையில் சோற்றை மசித்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை எல்லா வார்த்தையும் கேட்டது.

"அப்பா, இது ஜெபம் இல்ல. சும்மா பேசுதேன். நான் உங்கள இல்லைன்னு சொன்னேன். இப்ப இருக்காங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

வெகுநேரம் கழித்து நான் கிண்ணத்தோடு போனபோது, அவர் அவளைப் பார்த்தபடி இருந்தார். கண் இமைக்கவில்லை. அவள் கையைப் பிடித்திருந்தாரா, அவள் பிடித்திருந்தாளா, எனக்குத் தெரியவில்லை.

"ஒண்ணும் சொல்லலம்மா" என்றாள் பியூலா. "நல்லது."

என்னிடம் இன்று அவள் பேசினது அவ்வளவுதான். இரண்டு கரண்டி சோறு இறங்கியது.

அக்டோபர் 27, வியாழன்

நேற்று டாக்டர் வந்து பார்த்துவிட்டு, மருந்து ஒன்றும் எழுதாமல் போனார்.

விடியற்காலையில் கட்டில் பக்கத்தில் முழங்கால்படியிட்டேன். வாயைப் பார்ப்பாரே என்று நிமிர்ந்து பார்க்காமலே, இன்றைக்குச் சத்தமாக ஜெபிப்போம் என்று தோன்றியது. பொய்யாக இருந்தால் என்ன, அவருக்கு அது சந்தோஷம். அதைக் கொடுக்காமல் ஒரு மாதம் பட்டினி போட்டேன்.

சின்னவனைச் சொன்னேன். பியூலா பேரைச் சொன்னேன், எங்கேயும் நிறுத்தாமல். ஒரே பந்தி நடந்ததைச் சொன்னேன், கறி கொஞ்சம் உப்பு தூக்கல் என்பதையும். இவருக்கு இளைப்பாறுதல் தாரும் என்றேன். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், நல்ல பிதாவே.

ஆமெனுக்குக் காத்திருந்தேன்.

பிறகும் கொஞ்ச நேரம் நான் கண்ணைத் திறக்கவில்லை.

பால்காரரிடம் நாளையிலிருந்து அரை லிட்டர் போதும் என்று சொல்ல வேண்டும்.